சத்தத்துக்குப் பின் கூப்பிடும் பெயர்கள்

விருதுநகரில் எங்கள் வீடு அத்தாவின் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு மேலே இருந்தது. கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். லோடு ஏற்றுகிறவர்களின் கூச்சல், லாரி ஹாரன், விலை படியாமல் கத்துகிற வியாபாரிகள், பள்ளிவாசல் பாங்கு, அம்மன் கோயில் குழாய்ப் பாட்டு என்று எல்லாம் ஒரே ஜன்னல் வழியாக வரும். அதற்கு நடுவில் படித்துத்தான் நான் வக்கீல் ஆனேன். அதனால் சத்தம் சத்தம் என்று முகம் சுளிக்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. சட்டக் கல்லூரி விடுதியில் அமைதி தாங்காமல் முதல் வாரம் தூக்கமே வரவில்லை என்று போனில் புலம்பினேன். "கடையிலருந்து ரெண்டு ஆள அனுப்பி வைக்கவா? உன் கட்டில் பக்கத்துல நின்னு சண்ட போடச் சொல்றேன்" என்றார் அத்தா.

இரண்டாயிரங்களின் நடுவில் உச்ச நீதிமன்றம் சத்தத்தைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வெடி வெடிக்கக் கூடாது. எந்த வெடியும் இன்ன அளவுக்கு மேல் ஒலிக்கக் கூடாது. மற்ற ஊர்களில் அது செய்தித்தாளின் ஒரு மூலை. எங்கள் மாவட்டத்தில் அது எழவுச் செய்தி மாதிரி வீடு வீடாகப் போனது. திருத்தங்கல் பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடித்து நிற்கிறவர் எல்லாம் வக்கீல். "வெடின்னா சத்தந்தான கேக்கும், பின்ன பாட்டா பாடும்?" என்று ஒருவர் கேட்க, டிரைவர் வரைக்கும் சிரித்தார்கள். சீசன் படுத்துவிடும் என்கிற பயம் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது.

எனக்கோ கொண்டாட்டம். அரசியலமைப்பில் ஒரு வரி உண்டு. சட்டம் வகுத்த வழியில் அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். தூக்கம் என்றோ காது என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் உயிர் என்றால் மூச்சு மட்டுமா என்று நீதிமன்றம் கேட்கத் தொடங்கியபின், பிழைப்பு, மானம், நல்ல காற்று என்று ஒவ்வொன்றாக அந்த வரிக்குள் வந்து உட்கார்ந்தன. பந்தியில் ஒருவர் நகர்ந்து இன்னொருவருக்கு இடம் கொடுப்பது போல, கடைசியில் தூக்கத்துக்கும் இடம் கிடைத்தது. சட்டசபை எந்தச் சட்டம் எழுதினாலும், அரசாங்கம் எந்த விதி போட்டாலும் அந்த வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லாததை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும். விதியே இல்லாத இடத்தில், நீங்கள் எழுதும்வரை இதுதான் சட்டம் என்று தானே ஒன்றைச் சொல்லிவைக்கும். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு அப்போது காதலே இருந்தது.

இன்றும் இருக்கிறது. ஆனால் யாராவது மேடையில் அதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஓர் உடைமரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதன் அடியில் ஒரு பெண் எதையோ எதிர்பார்த்து நிற்கிறாள். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அந்த மரம் ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசி போகிற பக்கத்தில், ஒரு காலனி வீட்டுக்கு எதிரே நின்றது. அந்த வீட்டிலிருந்துதான் வழக்கு வந்தது. போட்டவர் ஒரு போர்மேனின் மனைவி. போர்மேன் என்றால் பட்டாசு ஆபீஸில் ஓர் அறையின் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அவருடைய அறை வெடித்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு காதும் அந்தப் பக்கத்துக் கழுத்தும் வெந்து, உயிர் பிழைத்தார்.

வெடிமருந்து அடைக்கிற அந்த மாதிரி அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. செத்தது ஏழு பேர். விசாரணையில், நாலு பேர் அறைக்குள் வேலை பார்த்தவர்கள், மற்ற மூன்று பேரும் அந்தப் பக்கமாக வந்தவர்கள் என்று முடிந்தது. ஒருவர் லோடு கேட்டு வந்தவர், ஒருவர் சும்மா எட்டிப் பார்த்தவர், ஒரு பெண் யாருக்கோ சோறு கொண்டு வந்தவள். கம்பெனி லைசென்ஸ் தப்பித்தது. இதெல்லாம் ஊருக்கே தெரிந்த செய்தி. வழக்கு அதைப் பற்றியது அல்ல.

வழக்கு சத்தத்தைப் பற்றியது. தீர்ப்பு வந்தபின், தன் வெடி அளவுக்குள்தான் ஒலிக்கிறது என்று கம்பெனி காட்டியாக வேண்டியிருந்தது. அதற்காக அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஒரு சிமெண்ட் தளம் போட்டார்கள். ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் சில பெட்டிகளை உடைத்து, தளத்தில் வைத்து வெடித்து, தள்ளி நிறுத்திய மீட்டரில் அளவு பார்த்தார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெடித்தார்கள். எங்கோ ஒரு நகரத்தில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொன்ன தீர்ப்பு, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது பகல் முழுவதும் வெடிச் சத்தமாக மாறியிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் போர்மேன் படுக்கையிலிருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினார். லாரி போகிற ரோடு. என்றைக்காவது ஒரு நாள் அவரை அள்ளித்தான் கொண்டுவர வேண்டும் என்று மனைவி பயந்தார். தளத்தை வேறு இடத்துக்கு மாற்ற உத்தரவிட வேண்டும், என் புருஷன் தூங்க வேண்டும் என்பதுதான் மனு.

கம்பெனியின் வக்கீல் மதுரைக்காரர், சமர்த்தர். தொழில் செய்வதும் அரசியலமைப்பு கொடுத்த உரிமைதான் என்று ஆரம்பித்தார். "சத்தத்தைக் குறைக்கத்தான் சத்தம் போடுகிறோம்" என்று அவர் முடித்தபோது முன்சீப் நீதிபதி கூடச் சிரித்துவிட்டார். பிறகு, வேறொரு வழக்குக்காக அங்கே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நேரில் போய்ச் சத்தத்தைக் கேட்டு எழுதிக் கொண்டுவர, கோர்ட் சார்பில் ஒரு கமிஷனர் வேண்டும். நான் சின்னவள், பெண், வீட்டுக்குள் போய் வரலாம், சொந்தமாக ஒரு டிவிஎஸ் ஃபிப்டி இருந்தது. இத்தனை தகுதிகளோடு நான் நியமிக்கப்பட்டேன்.

போன அன்று காலையில் போர்மேன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பைத்தியத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருந்த எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீக. சாப்பிட்டீகளா?" என்றார். குரல் தன்மையாக இருந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். வத்தல் கடை என்றதும் அந்த வருட விலையை விசாரித்தார். மனைவி பின்னால் நின்றுகொண்டு, இப்படித்தான் இருப்பார், கொஞ்சம் பொறுங்கள் என்பது போலக் கையைக் காட்டினார்.

மனைவியின் வக்கீலுக்கு அன்று வேறு வேலை வந்துவிட்டது. கம்பெனி வக்கீலும் மேனேஜரும் காரில் வந்து இறங்கினார்கள். மேனேஜர் போர்மேனைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தள்ளிப் போய் நின்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், உடைமரத்தடியில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். குழாயடிக்குப் போகிறவள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கையைத் தூக்க, பொட்டலில் வெடித்தார்கள்.

நான் பிறந்து வளர்ந்ததே இந்த மாவட்டத்தில்தான். வெடிச் சத்தத்துக்கு நான் திடுக்கிட்டதில்லை. அன்று திடுக்கிட்டது சத்தத்துக்கு அல்ல. கையில் இருந்த கீரை அப்படியே சிதற, அந்த மனிதர் எழுந்து என்னைத் தாண்டி ஓடினார். ரோட்டோரம் போய்த் திரும்பி நின்றார். முதுகு நிமிர்ந்தது. முகம் வேறொருவருடைய முகமாகியது. பிறகு கூப்பிட ஆரம்பித்தார்.

அது பட்டாசு ஆபீஸில் உள்ள வழக்கம். எங்கே சத்தம் கேட்டாலும் எல்லாரும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். வெட்டவெளியில் நின்று, போர்மேன் தன் அறை ஆட்களை, உட்கார்ந்திருந்த வரிசைப்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இருக்கிறவர்கள் "வந்துட்டேன்" என்பார்கள். பதில் வராத பெயரைக் கூப்பிட்டபின்தான் தேடப் போவார்கள். அவர் அதைத்தான் செய்தார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, கேட்கிற பக்கத்துக் காதை வாகாகத் திருப்பிக்கொண்டு பொறுத்தார்.

"வந்துட்டேன்" என்று அவருடைய மனைவி சொன்னார். அரிசி கழுவும்போது பேசுகிற மாதிரி சாதாரணக் குரல். அடுத்த பெயர். "வந்துட்டேன்." அதற்கடுத்த பெயர். "வந்துட்டேன்." பதில் சொல்லாவிட்டால் அவர் நடுரோட்டுக்குப் போய்த் தேடுவார் என்று மனைவி பின்னால் சொன்னார். அப்போது எனக்கு எதுவும் விளங்கவில்லை. செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டு, ஒவ்வொன்றாக அந்த வெயிலுக்குள் வந்து நின்றன. எனக்குப் பயமாக இருந்தது.

நாலாவது பெயர் முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. ஐந்தாவது பெயர் வந்தபோது கம்பெனி வக்கீலின் பேனா நின்றது. அவர் சமர்த்தர் என்றேனே, எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. போர்மேன் தன் அறை ஆட்களைத்தான் கூப்பிடுவார். எட்டிப் பார்க்க வந்தவரையும் சோறு கொண்டு வந்தவளையும் கூப்பிட மாட்டார். ஆறாவது பெயர். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவதாக ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். அதற்கு மனைவி வாயைத் திறக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, குடம் வைத்திருந்தவள் சொன்னாள்: "வந்துட்டேன்."

அவர் தலையாட்டினார். எல்லாரும் வந்தாயிற்று. தோள் தளர்ந்தது. வீட்டுக்குத் திரும்பி நடந்து, சிதறிக் கிடந்த கீரையைப் பார்த்து, "யாரு இத இப்பிடிக் கொட்டினது?" என்று மனைவியிடம் கேட்டார். அன்று மேற்கொண்டு வெடிக்க வேண்டாம் என்று கம்பெனி வக்கீலே சொல்லிவிட்டார். மரத்தடியில் நின்றவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிப் போனாள். அக்கம்பக்கத்து உதவி போலிருக்கிறது, மனைவி சொல்லி வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

நான் கேட்டதை எல்லாம் அறிக்கையில் எழுதினேன். சத்தம், தூரம், அவர் ஓடியது, நின்றது, கூப்பிட்ட ஏழு பெயர்கள், அவற்றின் வரிசை. கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதினேன். இந்தக் காகிதம் எங்கே போய் முட்டும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முட்டட்டும் என்றுதான் எழுதினேன்.

கம்பெனி வக்கீல் ஆட்சேபணை போட்டார். கமிஷனரை அனுப்பியது வெடிச் சத்தத்தைக் கேட்க. மனிதர்கள் கூப்பிட்ட பெயர்களைக் கேட்க அல்ல. சித்தம் கலங்கியவர் சொன்னதை அறிக்கையில் ஏற்றி, முடிந்துபோன ஒரு விபத்தை இந்த வழக்குக்குள் இழுத்துவரக் கூடாது. முன்சீப் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, பெயர்கள் இருந்த பத்தியை நீக்கச் சொன்னார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த நினைப்புதான் இன்றைக்கும் என்னை விடுவதில்லை. அரசியலமைப்பின் அந்த ஒரு வரி விரிந்து விரிந்து ஊரார் தூக்கத்துக்கெல்லாம் இடம் கொடுத்தது. ஏழு பெயர்களுக்கு மட்டும் அதில் இடமில்லாமல் போயிற்று. அன்று கோர்ட் வாசலில் வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் சர்க்கரை போதவில்லையோ என்று பின்னாலேயே வந்து கேட்டார்.

அடுத்த வாய்தாவிலேயே ஆச்சரியம் நடந்தது. தொழில் உரிமை, ஆர்டர், சீசன் என்று அவ்வளவு பேசிய கம்பெனி, தளத்தை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத காட்டுக்கு மாற்றிக்கொள்ளத் தானாகவே சம்மதித்தது. மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். என் தோழிகள், உங்கள் ஊரில் ஒரு கூலி வீட்டுக்கு அரசியலமைப்பு வந்து சேர்ந்துவிட்டது என்று என்னைப் பாராட்டினார்கள். நானும் கொஞ்ச நேரம் மகிழ்ந்தேன். எதிரி கேட்காமலே விட்டுக்கொடுத்தால் நாம் எதை இழந்தோம் என்று பார்க்க வேண்டும் என்பது வத்தல் வியாபாரி மகளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. வெடி இல்லாவிட்டால் அவர் கூப்பிட மாட்டார். அவர் கூப்பிடாவிட்டால் அந்த அறையில் நாலு பேர்தான்.

ஆனாலும் மனைவிக்கு அது வெற்றிதான், அதில் பொய்யில்லை. இரண்டு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது முகமே மாறியிருந்தது. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குதாக, வக்கீலம்மா. கொறட்ட வேற. அந்தக் கொறட்டயக் கேட்டுக்கிட்டே நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவருடைய நோய் எனக்குத் தொற்றியிருந்தது. ஊரில் எங்கேயாவது கல்யாண ஊர்வலத்தில் வெடி போட்டால், நான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வெடிக்குப் பிறகு பெயர்கள் வர வேண்டும் என்று காது எதிர்பார்த்தது. வராத அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உடைமரத்தடிப் பெண் எங்கள் வீட்டு மாடி ஏறி வந்தாள். வத்தல் நெடியில் தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வழிய வந்தாள். அழுகிறாளோ என்று நான் பதறினேன். "காரம்மா, காரம்" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொம்பை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கதான அந்தச் சத்தத்த நிறுத்துனது?"

"நான் இல்லம்மா. கோர்ட்."

"அத மறுபடி வைக்கச் சொல்லணும். அதுக்கு என்ன மனு போடணும்?"

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. எதற்கு என்றேன்.

"கடைசியாக் கூப்பிடுவாகள்ல, அது எம் மக" என்றாள். "அவ சோறு கொண்டு போனவன்னு எழுதிட்டாக. ஆமான்னு நானும் கைநாட்டு வச்சேன். மகன் அங்கனதான் வேலைக்குப் போறான், வேற என்ன செய்ய? இப்ப ஊர்ல யாரக் கேட்டாலும், சோறு கொண்டு போன எடத்துல செத்துப் போச்சுன்னுதான் சொல்றாக. எம் மகனே அப்பிடித்தான் சொல்றான். அவ சோறு கொண்டு போகலம்மா. அந்த ரூம்ல உக்காந்து மருந்து அடைச்சவ. கடைசி எடம் அவ எடம். அது இன்னைக்கும் தெரிஞ்ச ஒரே மனுசன் அவருதான். அவரையும் தூங்க வச்சிட்டீக."

விபத்து வழக்கைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். உயர் நீதிமன்றம், மறு விசாரணை என்று ஏதேதோ சொன்னேன். சாட்சி சித்தம் கலங்கியவர், அறிக்கையில் பத்தி இல்லை, அவளே கைநாட்டு வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் பேசும்போதே எனக்குத் தெரிந்தது. அவள் நான் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டாள்.

"கேசு வேண்டாம். மகன் பொழப்பு போயிரும். முன்ன மாதிரி அம்புட்டு வெடியும் வேண்டாம். மாசத்துக்கு ஒருக்கா போதும். அவரு வெளிய வந்து எம் மக பேரச் சொல்லட்டும். வந்துட்டேன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்."

பேரைக் கேட்க உரிமை உண்டா? அவள் போனபின் அந்தப் பெரிய அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உரிமைகள் பகுதியை முதலிலிருந்து வாசித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த பக்கங்கள்தான். ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்து இன்னொருவருக்கு ஆறுதல் தர எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது; போடவும் கூடாது. எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் பாத்திஹா ஓதும்போது இறந்தவர்களின் பெயரைச் சொல்லித்தான் ஓதுவார்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அம்மா குறுக்கே சொல்லுவாள். அதைக்கூட அந்தத் தாய்க்கு நான் செய்து கொடுக்க முடியாது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன்; அதற்கு வத்தல் நெடி காரணமில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் போர்மேனின் மனைவி கோர்ட் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். முகம் பழையபடி இறுகிப்போயிருந்தது. விபத்துக்குப் பிறகு அந்தக் காலனியில் தீபாவளிக்கு யாரும் வெடிப்பதில்லை. தூரத்துச் சத்தத்துக்குப் போர்மேன் இப்போதெல்லாம் எழுந்திருப்பதில்லை.

"அவ ஒரு வெடி வாங்கி வச்சிருக்கா, வக்கீலம்மா. நாளைக்கு எங்க வாசலுக்கு நேரா போடப் போறாளாம். நேத்து கேட்டதுக்கு, ஆமா போடுவேங்கா. அவள நிறுத்துங்க. அவ மகளுக்காக நானும்தான அழுதேன்? அதுக்குன்னு எம் புருசனத் திரும்பவும் ரோட்டுல விடணுமா?"

காலை ஆறு மணிக்கு மேல், அளவுக்குள் ஒலிக்கிற ஒரு வெடியை வெடிப்பதை யாரும் தடுக்க முடியாது. நான் கொண்டாடிய தீர்ப்பே அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விடியும்போது போய்ச் சேர்ந்தேன். சிவகாசிப் பக்கமிருந்து லேசாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. காலனி அமைதியாகக் கிடந்தது. போர்மேன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் உடைமரத்தடியில் இருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். ஒரு கையில் ஊதுபத்தி. காலடியில், சின்னக் கல்லின் மேல், ஒற்றை வெடி. மகளைத் தின்ற மருந்தைத் தன் கையால் கொளுத்தப் போகிறவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன்.

"மணி ஆறாயிருச்சா?" என்று கேட்டாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. வேண்டாம்மா, வா போகலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிர் வீட்டில் தூங்குகிற மனிதரை நினைத்தேன். அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்தேன். யார் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சட்டம் சொன்ன நேரத்துக்காகப் பொறுத்திருந்தாள். கடைசியில், ஆயிருச்சு என்றேன்.

வெடித்தது. காக்கைகள் கிளம்பின. புகை எங்களைத் தாண்டி ரோட்டைக் கடந்து அந்தக் கதவின் மேல் போய்ப் படிந்தது. கதவு திறக்கவில்லை. அவள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக நின்று, கதவையே பார்த்தாள். பதில் சொல்ல வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் வரவில்லை. அவருக்குக் குணமாகிவிட்டிருந்தது. மனைவி கேட்டது கிடைத்துவிட்டது, முழுசாகக் கிடைத்துவிட்டது. அந்தத் திறந்த வாயை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அமைதியை வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு கதவு திறந்தது. மனைவிதான். கண்ணில் அப்படி ஒரு கோபம். ரோட்டைத் தாண்டி வந்து அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். வாசற்படியில் நின்று எதிரே இருந்தவளைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். திறந்திருந்த வாயையும் பார்த்திருப்பார். அவருடைய முதுகு மெல்ல நிமிர்ந்தது. புருஷன் கூப்பிடுகிற அதே தோரணையில், அதே இழுவையில், அவள் மகளின் பெயரைக் கூப்பிட்டார். பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதி ஒருமுறை நீக்கப்பட்ட பெயர். அதைக் கூப்பிடுகிறவர்களே கூப்பிடட்டும்.

"வந்துட்டேன்" என்றாள் தாய்.

வீட்டுக்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் அவருடைய குரல் வந்தது. "எல்லாரும் வந்துட்டாகளா?"

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஏழு பேரும் வந்துட்டாக. நீங்க படுங்க."